குளியலறைச் சுவரின் மறுபக்கம்: படுக்கையறைப் பூஞ்சணத்தைக் கண்டறிந்து அகற்றிய பதிவு

சென்னையில் வடகிழக்குப் பருவமழை பாதி முடிந்திருந்த நிலையில், அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் உள்ள எங்கள் வீட்டுப் படுக்கையறையில் சிக்கு வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தும் சாம்பிராணி போட்டும் பார்த்தோம். வாடை சற்று நேரம் அடங்கிவிட்டுத் திரும்பியது. மர அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த பருத்திப் போர்வைகளில்தான் அது மிகுதியாக இருந்ததால், அலமாரியைக் காலி செய்து, சுவரை விட்டு நகர்த்திப் பார்த்தோம். அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை.

சுவரில் இருவேறு விதமான பாதிப்புகள் இருந்தன. கீழே, ஸ்கர்ட்டிங் டைலுக்கு மேல் ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்துக்கும் மூன்றடி அகலத்துக்கும் பெயின்ட் கொப்பளித்து, அதன் அடியிலிருந்த புட்டி பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. உதிர்ந்த இடத்தின் ஓரங்களில் கரும்பச்சைப் படலம் ஒன்று வளர்ந்திருந்தது. மேலே, அலமாரியின் உச்சிக்கும் லாஃப்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் பெயின்ட் சிறிதும் கெடவில்லை. ஆனால் அதன் மீது கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் பரவி, அலமாரியின் மேல்விளிம்பு இருந்த உயரத்தில் கோடு போட்டாற்போல் நின்றுவிட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே, அலமாரி மறைத்திருந்த சுவரின் பெரும்பகுதி சுத்தமாகவே இருந்தது. ஒரே ஈரம் ஏறி வந்து இரண்டையும் உண்டாக்கியிருந்தால் நடுப்பகுதி தப்பியிருக்காது என்பதால், நீர் இரண்டு வழிகளில் வருகிறது என்று எடுத்துக்கொண்டே சோதனைகளைத் தொடங்கினேன்.

முதலில் செய்தது டார்ச் சோதனை. விளக்கைச் சுவருக்கு நேராகக் காட்டினால் கறை மட்டுமே தெரியும். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கொப்பளம், மேடு, பூத்திருக்கும் உப்பு எல்லாம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். கீழ்ப்பகுதியில் கரும்பச்சைப் படலத்தோடு வெள்ளைத் துகள்களும் இருந்தன. அவற்றின் மீது ஒரு சொட்டு நீர் விட்டவுடன் கரைந்தவை சுவரிலிருந்து நீரோடு வெளியேறி ஆவியான பின் தங்கிய உப்புகள். கரையாமல் நசுங்கிக் கறையாக இழுபட்டது பூஞ்சணம். மேலே இருந்த கரும்புள்ளிகள் வெறும் அழுக்காக இருக்கலாமோ என்ற ஐயத்துக்கு, நீர்த்த பிளீச்சிங் திரவத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒரு புள்ளியில் தொட்டு வைத்தேன். ஓரிரு நிமிடத்தில் அது வெளிறியது. புகைக்கரியும் தூசியும் அவ்வாறு வெளிறுவதில்லை.

இதைக் கண்டவுடன் பலரும் செய்வது, பெயின்டரை அழைத்து, சுரண்டி, புட்டி வைத்து, 'டேம்ப் புரூஃப்' பெயின்ட் அடித்துவிடுவது. எங்கள் வீட்டுக்கு வந்த பெயின்டரும் அதையே சொன்னார். பொங்கலுக்குள் முடித்துத் தருவதாகவும் உறுதியளித்தார். ஈரம் உள்ளே வந்துகொண்டிருக்கும் சுவரை நீர் புகாத பெயின்டால் மூடினால், நீர் அந்தப் படலத்தின் பின்னால் தேங்கி, அதையே உரித்துத் தள்ளும். அல்லது பெயின்ட் அடிக்காத பக்கத்து இடத்தில் வெளியே வரும். பூஞ்சணத்துக்கு வேண்டிய உணவு பெயின்டிலும் தூசியிலும் மரத்திலும் துணியிலும் எப்போதும் இருக்கிறது. அதன் நுண்வித்துகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. சென்னையின் வெப்பமும் அதற்கு உகந்ததே. ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பூஞ்சணம் பெரும்பாலும் வேர்கொள்ளாது. எனவே பெயின்டரை அனுப்பிவிட்டு, நீரின் வழியைத் தேடினேன்.

நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்பதைப் பிரித்தறியச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளே போதும். முழங்கை நீளத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. உதிராத பெயின்ட் சுவரிலிருந்து வரும் ஈரத்தை ஓரளவு தடுத்துவிடும் என்பதால், கீழ்ப்பகுதியில் புட்டி உதிர்ந்த இடத்திலேயே ஒட்டினேன். மேலே புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்று, மழை படும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் ஒன்று என மேலும் இரண்டு தாள்களை ஒட்டினேன். கீழே இருந்த தாளைப் பிரித்தபோது அதன் பின்புறம் நீர்த்துளிகள் கோத்து நின்றன. வெளிச்சுவர்த் தாள் இருபுறமும் உலர்ந்திருந்தது. மேலே இருந்த தாள் இரவில் உலர்ந்தே இருந்தது. காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்த சிறிது நேரத்தில் அதன் அறைப்பக்கம் மங்கலாக வியர்த்தது.

மேல்பகுதிப் புதிர் அத்தோடு விடுபட்டது. ஏசியின் காற்று, எதிர்ச்சுவரில் அலமாரிக்கு மேலுள்ள அந்தப் பட்டையில்தான் நேராக மோதுகிறது. இரவு முழுவதும் 22 டிகிரியில் ஓடினால் அந்தச் சுவர்ப்பகுதி 23, 24 டிகிரிக்கு இறங்கிவிடும். மழைக்கால விடியலில் வெளிக்காற்று 27 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், அதன் பனிநிலை சற்றேறக்குறைய 25 டிகிரி. அதாவது, அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதில் நீர் படியும். 'காற்றோட்டம் நல்லது' என்று காலையில் ஜன்னலைத் திறப்பதே அந்தச் சுவரை அன்றாடம் நனைத்துக்கொண்டிருந்தது. ஏசி ஓடும் வரை அறைக்காற்று உலர்ந்திருப்பதால் இரவில் எதுவும் தெரிவதில்லை.

கீழ்ப்பகுதிக்கு இன்னும் உழைக்க வேண்டியிருந்தது. குளியலறைச் சுவருக்குள் குழாய் போகிறது. தரைக்கு அடியில் வடிகால் போகிறது. தரையிலும் சுவரிலும் டைல் இடுக்குகள் இருக்கின்றன. வந்த பிளம்பர் டைலை உடைத்துக் குழாயைப் பார்த்துவிடலாம் என்றார். உடைப்பதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வீட்டில் இன்னொரு குளியலறை இருந்ததால், இதை ஒரு வாரத்துக்கும் மேலாகப் பூட்டி வைத்தோம். ஆனால் தண்ணீர் வால்வை மூடவில்லை. சுவரில் பென்சிலால் குறித்த சில இடங்களில் ஈரமானியை வைத்து அளவெடுத்துக்கொண்டே வந்தேன். இரண்டு ஊசிகளுக்கு இடையிலான மின்தடையைக் கொண்டு அளக்கும் இந்தச் சிறு கருவி மரத்துக்கென அளவிடப்பட்டது. சுவரில் அது காட்டும் சதவீதத்துக்குத் தனியே பொருளில்லை. உப்பு இருந்தால் கூடுதலாகவும் காட்டும். ஆனால் ஒரே இடத்தில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை நம்பலாம். அந்த நாட்களில் இடையே பலத்த மழை பெய்தும், அளவு குறைந்துகொண்டே வந்தது. எனவே மழைநீர் காரணம் அல்ல. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய், குளியலறையைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் எந்நேரமும் நீர் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதில் கசிவிருந்தால் சுவர் உலர்ந்திருக்க முடியாது. எனவே குழாயும் காரணம் அல்ல.

எஞ்சியவை வடிகாலும் தரையும். ஒரு நாள் ஹோஸ் குழாயை, தரை நீர் வடியும் நானி டிராப்பின் வாய்க்குள் இறக்கி, தரையில் ஒரு சொட்டும் படாமல், நெடுநேரம் தண்ணீரை ஓடவிட்டோம். சுவரின் அளவுகளில் மாற்றமில்லை. கீழ்வீட்டாரின் குளியலறைக் கூரையில் கறை எதுவும் இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். சில நாட்கள் கழித்து, டிராப்பின் வாயைத் துணியைப் பாலித்தீன் பையில் சுற்றி அடைத்து, தரையில் ஓர் அங்குல ஆழத்துக்கு நீரைத் தேக்கினோம். மறுநாள் காலைக்குள் படுக்கையறைப் பக்கம் அளவுகள் ஏறத் தொடங்கின. இரு அறைகளுக்கும் பொதுவான சுவரின் ஒரு மூலைக்கு அருகில்தான் ஏற்றம் அதிகம். கொத்தனார் அந்த மூலையில் தரை டைலும் சுவர் டைலும் சந்திக்கும் இடுக்கை ஆணியால் கீறிக் காட்டினார். இடுக்கை அடைத்திருந்த கிரவுட் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணாகக் கொட்டியது. "குழாய்ல ஒண்ணும் இல்ல சார், இந்த மூலையிலதான் குடிக்குது" என்றார். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில், தரையின் வாட்டமும் டிராப்பை நோக்கி இல்லாமல் அந்த மூலைக்கே சாய்ந்திருந்தது. குளித்த நீரில் ஒரு பங்கு அன்றாடம் அங்கே தேங்கி, இடுக்கு வழியாக டைலுக்கு அடியிலுள்ள மணற்கலவையில் இறங்கி, நாலரை அங்குலச் செங்கல் சுவரில் ஊறியிருக்கிறது.

பழுதுபார்ப்பில் அந்த மூலையைச் சுற்றிய ஒரு வரிசைத் தரை டைலையும் ஒரு வரிசைச் சுவர் டைலையும் மட்டும் எடுத்தோம். கீழே இருந்த கலவை கறுத்து, ஈரமாக நாறியது. முதலில் கட்டியபோது தரைக்கு அடித்திருந்த நீர்த்தடுப்புப் பூச்சு சுவரின் மீது ஏறாமல் தரையோடு முடிந்திருந்தது. இது பல கட்டடங்களில் காணப்படும் குறை. மூலையைச் செங்கோணமாக விடாமல் கலவையால் சரிவாக நிரவி, அதன் மீது ஃபைபர் வலையைப் பதித்து, பாலிமர் கலந்த சிமெண்ட் நீர்த்தடுப்புப் பூச்சை முதல் கை கிடைவாட்டிலும் இரண்டாம் கை நெடுவாட்டிலுமாக, சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றி அடித்தார்கள். டைல் பதிப்பதற்கு முன் மீண்டும் டிராப்பை அடைத்து இரண்டு நாட்கள் நீரைத் தேக்கிப் பார்க்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொண்டேன். பணியாளர்கள் அவசரப்படும் கட்டம் இதுதான். தேக்கிய நீருக்கு மறுபக்கம் அளவுகள் அசையவில்லை என்பதைப் பார்த்த பின்னரே டைல் பதித்து, வாட்டத்தைத் திருத்தி, இடுக்குகளிலும் டிராப்பைச் சுற்றிலும் எபாக்ஸி கிரவுட் இட்டார்கள்.

நீர் நின்ற பிறகே பூஞ்சணத்தில் கை வைத்தேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல், ஏறத்தாழ 10 சதுர அடிக்கு உட்பட்ட பூஞ்சணத்தை வீட்டாரே அகற்றிக்கொள்ளலாம் என்கிறது. கீழ்ப்பகுதி அந்த வரம்புக்குள் வந்தது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. செய்யும்போது அந்த அறையில் இருக்கவும் கூடாது. மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெளியேற்றி, கதவைப் பாலித்தீன் விரிப்பால் மூடி ஒட்டி, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்தேன். என்95 முகக்கவசம், கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, முழங்கை வரையிலான ரப்பர் கையுறை ஆகியவை கட்டாயம். துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது வித்துகளைத் தடுக்காது.

உலர்ந்த பூஞ்சணத்தை அப்படியே சுரண்டுவதுதான் மிகத் தீங்கான வழி, ஏனெனில் வித்துகள் அத்தனையும் காற்றில் கிளம்பி அறை முழுதும் படியும். சோப்புத் திரவம் கலந்த நீரைத் தெளிப்பானால் மென்மையாகத் தெளித்து, பரப்பு நன்றாக நனைந்த பிறகே புட்டிப் பட்டையால் சுரண்டினேன். விழுவதைக் கீழே விரித்த விரிப்பிலேயே பிடித்து, உடனுக்குடன் தடித்த பையில் கட்டினேன். புட்டியை எடுத்த பின் அதன் அடியிலிருந்த சிமெண்ட் பூச்சைச் சுத்தியலின் காம்பால் தட்டியபோது பல இடங்களில் பொக்கையாக ஒலித்தது. அங்கெல்லாம், கண்ணுக்குத் தெரிந்த ஈர எல்லைக்கு ஓரடி தாண்டி, செங்கல் தெரியும் வரை பூச்சை உளியால் எடுத்துவிட்டோம். உப்பேறிய பழைய பூச்சை விட்டுவைத்தால், அந்த உப்பே மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மேலே இருந்த கரும்புள்ளிகளுக்கு இவ்வளவு பாடு தேவைப்படவில்லை. பெயின்ட் கெடாததால், வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, துணியை வேறொரு வாளியில் அலசி, மீண்டும் துடைத்து, கடைசியில் உலர்துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தேன். பிளீச்சிங் திரவத்தைச் சோதனைக்கு அப்பால் நான் பயன்படுத்தவில்லை. டைல் போன்ற நீர் உறிஞ்சாத பரப்பில் அது பயன்படும். பூச்சிலும் மரத்திலும் மேற்பரப்பை வெளுக்கச் செய்து, வேலை முடிந்துவிட்டது என்ற தோற்றத்தைத் தருகிறது. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், அதைக் கொல்வதைவிடத் துடைத்து வெளியேற்றுவதே முதன்மை. நம் வீடுகளில் குளியலறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் இருப்பது வழக்கம். இரண்டும் கலந்தால் வெளிப்படும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். ஒன்றால் கழுவிய தரையில் உடனே மற்றொன்றை ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம்.

அலமாரியின் பின்பலகை அடியிலிருந்து அடுக்கு பிரிந்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டோம். மரத்தூள் பலகையால் ஆன கீழ்த்தட்டும் ஊதிப் போயிருந்தது. ஊதிய மரத்தூள் பலகையைக் காயவைத்து மீட்க முடியாது. பக்கப் பலகைகளை மட்டும் சோப்பு நீரால் துடைத்து நிழலில் உலர்த்தினோம், நேர் வெயிலில் பிளைவுட் வளைந்துவிடும் என்பதால். பருத்தித் துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டோம். பட்டுப் புடவைகளை மொட்டை மாடி நிழலில் விரித்து, மென்துணியால் வெளிப்புறமாகத் துடைத்து, பிறகு டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தோம். அலமாரியில் நிறையக் கிடந்த நாஃப்தலீன் உருண்டைகள் பூச்சிக்கு உதவியிருக்கலாம். ஆனால் பூஞ்சணம் அவற்றை ஒட்டியிருந்த துணியிலேயே வளர்ந்திருந்தது.

பிறகு காத்திருந்தோம். செங்கல் வெளியே தெரியும் சுவரைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு வாழ்வது வீட்டாருக்கு உவப்பானதல்ல. பொங்கலுக்கு வந்த உறவினர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். ஆனால் பருவமழை முடிந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சென்னைக் காற்று சற்று உலர்ந்திருக்கும். சுவர் காய அந்த வாய்ப்பை விட மனமில்லை. தூரத்தில் உள்ள உலர்ந்த சுவரின் அளவும் இந்தச் சுவரின் அளவும் நெருங்கி வந்து, அலுமினியத் தாளின் பின்புறமும் உலர்ந்திருப்பதைப் பார்த்த பின், ஒன்றுக்கு ஐந்து என்ற சிமெண்ட் மணற்கலவையில் புதிய பூச்சு பூசினோம். நீராற்றி முடித்து மேலும் ஒரு மாதம் போல் விட்டோம்.

அந்தப் பகுதிக்குப் புட்டியும் எமல்ஷனும் வேண்டாம் என்று முடிவு செய்து, சுண்ணாம்பு அடித்தேன். அலமாரி மறைக்கப்போகும் இடத்துக்குப் பளபளப்பு தேவையில்லை. புதிய சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் வளராது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அந்தக் காரம் நாளடைவில் குறைந்துவிடும் என்றாலும், சுண்ணாம்பு நீராவியை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். மறுபடி ஈரம் வந்தால் முதல் வாரத்திலேயே கறையாகக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். நீர் புகாத பெயின்டில் அதே ஈரம் ஒரு பருவம் முழுதும் மறைந்திருக்கும்.

இப்போது அலமாரி சுவரை விட்டு நான்கு விரற்கடை தள்ளி நிற்கிறது. ஏசியின் காற்றுத் தடுப்பை மேல்நோக்கித் திருப்பி, வெப்பநிலையை 26 டிகிரியில் வைத்திருக்கிறோம். மழைக்காலக் காலைகளில் ஏசியை நிறுத்தி, மின்விசிறியில் சுவர் வெதுவெதுப்பான பின்னரே ஜன்னலைத் திறக்கிறோம். அறையில் ஒரு சிறிய ஈரப்பதமானி இருக்கிறது. 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நோக்கம், ஐப்பசி கார்த்திகையில் ஏசி ஓடாத நேரங்களில் அது இங்கே எட்டாத கனி. குளித்து முடித்தவர் தரை நீரை வைப்பரால் தள்ளிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும் என்பது வீட்டு விதி. அடுத்த மழைக்காலத்தில் கீழ்ச்சுவரின் அளவுகள் உலர்ந்த சுவரோடு ஒத்தே இருந்தன. மேலே, லாஃப்டின் இடது மூலையில் மட்டும் சில கரும்புள்ளிகள் மீண்டும் வந்தன. அங்கே லாஃப்ட் பலகை காற்றைத் தடுப்பதால், அந்த மூலையில் அடுக்கியிருந்த சூட்கேஸ்களை வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறேன். பென்சில் குறிகளைச் சுண்ணாம்பின் மீது மறுபடி போட்டு வைத்திருக்கிறேன். நவம்பரில் அதே இடங்களில் அளவெடுக்க வேண்டும்.